தீங்கு விளைவிக்கலாம்

சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டேகாலுக்கு நாற்காலியில் வந்து விழுந்தபோது, காலையில் விட்ட இடத்திலேயே படிவம் திரையில் நின்றுகொண்டிருந்தது. பொருளின் பெயர், பாதரசம். நிலை, திரவம். நிறம், வெள்ளி. மணம், இல்லை. ‘இல்லை’ என்று தட்டிவிட்டு தெய்வசிகாமணி அந்தச் சொல்லையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மணம் மட்டும் இருந்திருந்தால். அமோனியா கசிந்தால் கண் எரிந்து ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள், சமையல் காஸுக்குக்கூட வேண்டுமென்றே ஒரு நாற்றத்தைச் சேர்த்துத்தான் சிலிண்டரில் அடைக்கிறார்கள், இதற்கு மட்டும் ஒன்றுமில்லை, சாதாரண வெயிலிலேயே ஆவியாகி எழுந்து, கண்ணுக்கும் தெரியாமல் மூக்குக்கும் தெரியாமல், பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறவர்களின் மூச்சோடு உள்ளே போய்விடும், போனதுகூடத் தெரியாது. கண் இமை கனத்தது. சோறு வேறு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கோமளா எப்போதும் ஒரு கரண்டி கூட வைத்துத்தான் டப்பாவை மூடுவாள், வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் ஒரு கரண்டி குறையாது, பேச்சுதான் குறையும். இன்னும் எட்டு மாதம். எட்டு மாதத்தில் ஓய்வு. அதுவரை இந்த நாற்காலி, இந்த மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் வெள்ளை வெயில், அதற்கப்பால் கொட்டகை, கொட்டகைக்குள் இருபத்திரண்டு பெண்கள். ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட தெர்மாமீட்டர்களையும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளையும் பழைய டியூப்லைட்டுகளையும் உடைத்து, உள்ளே இருக்கும் பாதரசத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து விற்கிற கம்பெனி. அதில் பாதுகாப்பு அதிகாரி அவர். நாளைக் காலை சான்றிதழ் தருகிறவர்கள் சோதனைக்கு வருகிறார்கள். கொட்டகைச் சுவரில் தமிழில் அபாயத்தாள் ஒட்டியிருக்க வேண்டும், அதில் இன்றைய தேதியும் அவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும்.

முதல் பகுதி, பௌதிக அபாயங்கள். வெடிக்குமா, பொருந்தாது. தீப்பற்றுமா, பொருந்தாது. பிற பொருள் எரியத் துணைபோகுமா, பொருந்தாது. தானாகச் சூடேறுமா, தண்ணீர் பட்டால் எரியும் வாயுவை வெளியிடுமா, பொருந்தாது, பொருந்தாது. எட்டாவது பொருந்தாதுவில் விரல் நடுங்கி ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்தது, அழித்தார். கொஞ்ச நாளாக இந்த நடுக்கம் உண்டு. வயசுதான் சார் என்றார் டாக்டர், வேறு ஒன்றுமிருக்காது என்று அவரும் தலையாட்டிவிட்டு வந்தார், முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை, கேட்காததை இவரும் சொல்லவில்லை. இந்தப் பகுதியைப் படித்தால் நன்னடத்தைச் சான்றிதழ் போல இருக்கிறது. எரியாது, வெடிக்காது, சண்டைக்கு வராது, மூலையில் கிடக்கும். கடைசி வரி மட்டும் கொஞ்சம் இடறியது. உலோகங்களை அரிக்குமா. சில கம்பெனிகள் ஆம் என்று போடுகின்றன, சில போடுவதில்லை. அவர் யோசிக்காமல் ஆம் என்று போட்டார். கோமளாவின் மோதிரத்தைப் பார்த்தவர் வேறு எப்படிப் போடமுடியும். கல்யாணமான புதிதில் வியாசர்பாடியில் ஒரு தெர்மாமீட்டர் பட்டறையில் அவர் ரசம் நிரப்பும் வேலை பார்த்தார். கண்ணாடிக் குழாய், அடுப்பு, மேசை, தரை, எங்கே பார்த்தாலும் மணி மணியாக உருண்டுகொண்டிருக்கும், யாரும் ஒன்றும் நினைத்ததில்லை, விரலால் வழித்து டப்பாவில் போடுவார்கள். பேன்ட்டின் மடிப்பில் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். துவைக்கிற கல்லில் அவள் துணியை உதறினால் வெள்ளித் துளிகள் சிதறி ஓடும். அவளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். இருபத்திரண்டு வயசு அவளுக்கு. விரலால் ஒன்றையொன்று தள்ளிச் சேர்த்துப் பெரிதாக்குவாள், ஒரு ஹோமியோபதி மருந்துப் புட்டியில் சேர்த்து சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் எடுத்துக் காட்டுவாள். ஒருநாள் விரலில் இருந்த தங்க மோதிரம் வெளுத்துப்போயிற்று. பயந்துபோய் ஆசாரியிடம் கொண்டுபோனார்கள். ஆசாரி சிரித்துக்கொண்டே ஊதுகுழலில் சூடு காட்டினார், மோதிரம் மஞ்சளாகத் திரும்பி வந்தது. அதிலிருந்த ரசம் எங்கே போயிற்று. குனிந்து ஊதிக்கொண்டிருந்த ஆசாரியின் மூச்சுக்குள்ளே போயிருக்கும். அந்தச் சின்ன அறையில் அவரும் நின்றார், கோமளாவும் நின்றாள், அவளுக்கு அப்போது மூன்று மாதம்.

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தண்ணீர் சுட்டது, மேல்தொட்டி வெயிலில் காய்கிறது. இரண்டாம் பகுதி, உடல்நல அபாயங்கள். இங்கே எண்கள் தலைகீழ். ஒன்று என்றால் முதல் மார்க் இல்லை, மிக மோசம் என்று அர்த்தம், இதைக் கொட்டகைப் பெண்களுக்குப் புரியவைக்க ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. விழுங்கினால், அவ்வளவாக ஒன்றுமில்லை, குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டால்கூடப் பெரும்பாலும் வந்த வழியே வெளியேறிவிடும். சுவாசித்தால், வகை இரண்டு, உயிருக்கு ஆபத்து. நீண்டகாலம் மீண்டும் மீண்டும் பட்டால், வகை ஒன்று, நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம். மண்டையோட்டுப் படம் ஒன்று. செத்த மீனும் பட்ட மரமும் ஒன்று. இன்னொன்று, மார்பில் நட்சத்திரம் வெடித்த ஒரு மனிதனின் உருவம். அந்தப் படத்துக்குப் பெண்கள் நெஞ்சுடைஞ்ச ஆளு என்று பேர் வைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் பட்டியல் போடுகிற மாதிரி அவரால் இதையெல்லாம் தட்டிக்கொண்டே போகமுடிகிறது. எதிலுமே கை நிற்பதில்லை. அந்த ஒரு வரியில்தான் நின்றது. இனப்பெருக்க நச்சுத்தன்மை. காலையிலும் அங்கேதான் நின்றது, பெட்டி வெறுமையாக இருக்கிறது, கோடு மின்னி மின்னி அணைகிறது. அவருக்கு முன்னால் இருந்தவர் செய்த பழைய தமிழ்த் தாளில் அந்த வரியே இல்லை. இங்கிலீஷ் தாளில் இருக்கிறது, வகை ஒன்று-பி, கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கலாம். தமிழில் கொண்டுவரும்போது மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. ஒன்று-ஏ என்றால் மனிதர்களிடம் தெரிந்தது. ஒன்று-பி என்றால் ஊகிக்கப்படுவது. எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள், கூண்டில் வைத்து, ஆவி விட்டு, குட்டிகளை எண்ணி, எடைபோட்டு. யாரோ ஒருவர் தினமும் வந்து அந்த எலிகளைப் பார்த்துக் குறித்திருக்கிறார். கோமளாவை யார் பார்த்தார்கள்.

ஏழாம் மாதம் அது. காலையிலிருந்தே அசைவில்லை என்றாள், தூங்குகிறதாக்கும் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா குழலை வயிற்றில் இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், பிறகு கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பெண் குழந்தை. துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் முழுசாக இருந்தது, நகம்கூட இருந்தது. ஏன் டாக்டர் என்று கேட்டார். சில சமயம் இப்படி ஆகும் என்றாள் டாக்டரம்மா. சில சமயம் இப்படி ஆகும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காலம் தள்ளினார்கள். பட்டறை மூடியது, அவர் வேறு வேலைக்கு வந்தார், இரண்டு வருஷம் கழித்து மகன் இளம்பரிதி பிறந்தான், கொழுகொழுவென்று, இன்று புனேயில் வேலையிலிருக்கிறான். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. அப்புறம் கம்பெனி செலவில் தொழிற்பாதுகாப்புப் படிப்புக்கு அனுப்பினார்கள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், கிண்டியில், பின்வரிசை பெஞ்சில், நகலெடுத்த தாளில் அந்த வரியை முதன்முதலாகப் படித்தார். ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார், எல்லோரும் திருப்பினார்கள், அவரும் திருப்பினார். அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் கை விட்டுத் தேடினார், புட்டி இல்லை, எந்த வீடு மாறும்போதோ போயிருக்கிறது. என்ன தேடுறீங்க என்றாள் கோமளா. ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லைக்கு இன்றோடு இருபத்து மூன்று வருஷம். அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தார். மனசில் வேறொன்றும் இருந்தது. பேன்ட் மடிப்பில் கொண்டுவந்தது யார். அவள் கேட்பாள். கேட்காவிட்டாலும் பார்ப்பாள்.

போன் அடித்தது. தயாரிப்பு மேலாளர் பரணிதரன். முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும், மரியாதையான ஆள், குரலை உயர்த்தமாட்டார். தாள் முடிந்ததா என்று கேட்டார். முடியப்போகிறது என்றார் சிகாமணி. அந்தக் கரு சம்பந்தமான வரியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பரணிதரனே பேசிக்கொண்டு போனார். இதைத் தமிழில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினால் பெண்கள் பயந்துவிடுவார்கள், அதைவிட, தலைமை அலுவலகம் பார்த்தால் கொட்டகையில் பெண்களே வேண்டாம் என்று ஒரே வரியில் உத்தரவு போட்டுவிடும், இருபத்திரண்டு குடும்பம் சார், யோசித்துப் பாருங்கள், பழைய தாளில் இல்லாததை நீங்கள் ஏன் புதிதாகச் சேர்க்கவேண்டும் என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் சங்கடம். பொய் சொல்கிறவனாக இருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபம். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். உடம்பெல்லாம் யாரோ அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. காலியாக விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, சோதனைக்கு வருகிறவர்கள் தேதியையும் கையெழுத்தையும்தான் பார்ப்பார்கள், எட்டு மாதம், மாலை போட்டு ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போட்டால் அந்த இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போவார்கள், போய் இவரைத் திட்டுவார்கள். போடாவிட்டால் இருப்பார்கள். இருந்து மூச்சு விடுவார்கள். போனால் பசி, இருந்தால் இது. ஒரு பெட்டிக்குள் இவ்வளவையும் வைத்துவிட்டுப் பக்கத்தில் வகை என்ன என்று கேட்கிறார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நிரோஷா வந்தாள். டீ நேரம் ஆகியிருந்தது போல. உடைக்கும் மேசையில் நிற்கிறவள், இருபத்தாறு வயசு. போன வியாழக்கிழமை இதே நேரத்துக்கு வந்து வேறு மாஸ்க் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, உள்ளேயே வாந்தி எடுத்துவிட்டதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். நாலாவது மாதம். புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது, சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள், மாஸ்க் போட்டிருக்கிறேனே சார், அது போதாதா என்று கேட்டாள். போதும் என்றும் சொல்லாமல் போதாது என்றும் சொல்லாமல் புது மாஸ்க்கை எடுத்துக் கொடுத்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வியாழன், வெள்ளி, சனி, திங்கள். நாலு நாள். இந்த நாலு நாளும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள். இன்றைக்கு மாஸ்க்கின் வடிகட்டி மாற்ற வந்திருந்தாள். எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள், திரையைப் பார்த்தாள். எங்களுக்கு ஒட்டுறதா சார் என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல சார்.”

“மாஸ்க் போட்டுக்கிட்டிருந்தா பெரும்பாலும்...” என்று ஆரம்பித்தார். அவருடைய குரல் அந்த டாக்டரம்மாவின் குரலைப் போலவே அவர் காதில் விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

“உங்க வீட்டம்மாவா இருந்தா இன்னா சார் சொல்வீங்க?”

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், கையில் வடிகட்டியைத் திருப்பிக்கொண்டே. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டம்மாவாக இருந்தால் என்ன சொல்வேன். ஒன்றும் சொல்லமாட்டேன் அம்மா. இருபத்து மூன்று வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தட்டுச் சோற்றுக்கு எதிரே உட்கார்ந்து, பக்கத்தில் படுத்து, வருஷா வருஷம் அந்தத் தேதி வரும்போது அவள் காரணம் சொல்லாமல் ஒருவேளை சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நாற்காலியைத் தள்ளி எழுந்தார். முட்டி வலித்தது.

“அந்த மேசைக்கு இனிமே போகாதேம்மா. இன்னிக்கும் போகாதே. குழந்தைக்கு ஆகாது.”

நிரோஷாவின் முகம் அப்படியே இருந்தது. “வேற எடத்துல போடுவாங்களா?” என்றாள்.

“கேக்கறேன்.”

“கேக்கறேன்னா ஆவாது சார். நான் இப்ப வெளிய போனா எங்க போறது, அத்த சொல்லுங்க.”

அவளை எதிர் நாற்காலியில் உட்காரச்சொல்லிவிட்டு, யோசித்தால் தளர்ந்துவிடும் என்று தெரிந்ததால் யோசிக்காமலே, அவர் அந்தப் பெட்டியில் வகை ஒன்று-பி என்று போட்டார். கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கலாம். கீழே பரிந்துரை என்ற இடத்தில், கருவுற்றவர்களுக்கும் கருவுற இருப்பவர்களுக்கும் அதே சம்பளத்தில் கொட்டகைக்கு வெளியே வேலை தரவேண்டும், காற்று இழுக்கும் விசிறிகள் நான்கையும் இந்த மாதத்துக்குள் மாற்றவேண்டும் என்று எழுதினார். பிறகு பரணிதரனைக் கூப்பிட்டார். வரியைச் சேர்த்துவிட்டேன், தாள் தயார், ஆனால் நிரோஷாவை ஸ்டோரில் போட்டதாக மெயில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றார். ஓய்வு பெறுகிற நேரத்தில் ஏன் சார் இது என்றார் பரணிதரன். சிகாமணி வாதாடவில்லை, அதற்குத் தெம்பில்லை. கையெழுத்தில்லாமல் நாளைக்கு ஒட்டமுடியாதே என்று மட்டும் சொன்னார். ஒரு ஆளுக்கு ஸ்டோரில் இடம் பார்க்கிறேன், மற்றவர்களைப் பற்றி என்னால் வாக்குக் கொடுக்கமுடியாது, தலைமை அலுவலகம் என்ன சொல்லுமோ என்றார் பரணிதரன். நானே தலைமை அலுவலகத்துக்கும் எழுதுகிறேன் என்றார் சிகாமணி. இருபது நிமிஷம் அவரும் நிரோஷாவும் மெயிலுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு இருபதுக்கு மெயில் வந்தது, இரண்டே வரி. திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் உதட்டை அசைத்து ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள். நன்றி சொல்லவில்லை. மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். நாளைக் காலை நானே கொட்டகைக்கு வந்து எல்லோரிடமும் சொல்கிறேன் என்றார். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவர் கையெழுத்துப் போட்டார், நடுங்கிக் கோணலாக விழுந்தது, அப்படியே விட்டுவிட்டார்.

அதோடு எழுந்து முகம் கழுவிப் பையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போயிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தார். வேலை முடிந்த மாதிரியே இல்லை. ஒரு பெண்ணிடம் சொல்லியாயிற்று, சொல்லி ஒன்றும் இடிந்துவிடவில்லை, அவளும் விழுந்துவிடவில்லை, கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டு போனாள். இவ்வளவுதானா இது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பாள், காபியைக் குடிப்பார், டிவி ஓடும், சாப்பாடு வந்துவிடும், இன்னொரு நாள் ஆகிவிடும், அவருக்குத் தன்னைத் தெரியும். போனை எடுத்தார். மூன்றாவது மணியில் கோமளா எடுத்து, என்ன, வேன் லேட்டா என்று கேட்டாள். இல்லை என்றார். கோமளா, நம்ம முதல் குழந்தை என்றார். அந்தப் பேச்சை இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் வாயால் எடுத்ததில்லை. பட்டறையைச் சொன்னார், பேன்ட் மடிப்பைச் சொன்னார், அந்தப் புட்டியைச் சொன்னார், ஆசாரி கடையைச் சொன்னார், கிண்டியில் படித்ததைச் சொன்னார், இன்று அந்த வரியைத் தமிழில் எழுதியதையும் சொன்னார். நான்தான் கொண்டுவந்தேன் என்றார்.

கோமளா மூச்சு விடுவது கேட்டது.

“அப்ப பஸ் இல்லையா?” என்றாள்.

எந்த பஸ் என்று அவருக்குப் புரியவில்லை.

“அதுக்கு முந்தின வாரம் உங்ககிட்ட சொல்லாம திருத்தணிக்குப் போயிட்டு வந்தேன். அக்கா வீட்டுக்கு. வரும்போது உட்கார எடமில்ல, ரோடெல்லாம் குழி. நின்னுக்கிட்டேதான் வந்தேன். நீங்க வேலை விட்டு வர்றதுக்குள்ள வந்துடணும்னு.”

முப்பத்தொரு வருஷம். அக்கா வீட்டுக்கு அவள் அப்புறம் போனதே இல்லை. அக்காவோடு ஏதோ மனஸ்தாபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், கேட்டதில்லை.

“பஸ் இல்ல, கோமளா.”

“நிச்சயமா தெரியுமா?”

“பஸ்ல நின்னுக்கிட்டு வந்ததால ஆகல. அது நிச்சயம். மத்தது அப்படித்தான் இருக்கணும், நிரூபிக்க முடியாது.”

வெளியே வேன் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. டிரைவர் வந்து ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார், போகச்சொல்லி சிகாமணி கையைக் காட்டினார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீங்க” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அசந்துபோன குரல், அவருடைய குரலைப் போலவே. அவர் ஆமாம் என்றார். வேன் திரும்பிக் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. இனி மெயின் ரோட்டுக்கு நடந்துதான் போகவேண்டும். கோமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்ளும் சத்தம் வந்தது, பிறகு அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள், எத்தனை மணிக்கு ஏறினாள், எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் நின்றவள் யாரிடமாவது இடம் கேட்டுத் தருகிறேன் என்று சொன்னதற்கு எதற்காக வேண்டாம் என்று சொன்னாள் என்று, ஒன்றுவிடாமல், முதலிலிருந்து.